மூன்று காலிக் கட்டங்கள்

"அங்க போயி என்ன பண்ணுவீங்க?"

"போட்டுல போவமுங்க மாமா. பொழுதோட கேக்கு வெட்டறதாமா. உங்க பேத்தி கிருத்திகா எல்லாம் சேத்துத்தான் புக் பண்ணிருக்குது."

"போட்டும் கேக்கும் கெடக்குது. நீ போயி நல்லாத் தூங்கு அம்மணி."

சனிக்கிழமை காலையில் கன்னையன் இதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆயிற்று. பக்கவாதம் வந்த இந்த ஆறு வருடமாக அவருடைய நாக்கு ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துத்தான் வெளியே விட்டது. தேவிப்பிரியா மாமனாரின் வாயோரத்தைத் துடைத்துவிட்டு "சரிங்க மாமா" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் அவள் தூக்கத்தைப் பற்றிப் பேசுகிற ஒரே ஆள், அவளைத் தூங்கவிடாத ஆள்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேமுக்கால். உடுமலைப்பேட்டையிலிருந்து பல்லடம் போகும் தனியார் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் பேச்சையே அவள் திரும்பத் திரும்ப மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் கணவன் மோகன்ராஜ், போட்டிருந்த டீசர்ட்டைக் கழற்றி உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, பஸ்ஸுல எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இதப் போட்டுட்டு எங்கப்பன் முன்னால போயி எப்படி நிக்கறது?"

டீசர்ட்டின் நெஞ்சில் பெரிய சிவப்பு இதயம் இருந்தது, அதற்குள் 25 என்று. மோகன்ராஜ் கட்டிங் மாஸ்டராக இருக்கும் பனியன் கம்பெனியில், பிரிண்டிங் ஆட்கள் கல்யாண நாளுக்கென்று சாம்பிள் பீஸில் அடித்துக் கொடுத்தது. அவளுக்கும் ஒன்று இருந்தது. அதை அவள் பையின் அடியிலேயே வைத்துவிட்டாள். ஆனாலும் அவள் மட்டும் என்ன, கட்டியிருந்தது புதுப் பச்சைச் சேலை. கொண்டுபோனது அதுவும் ஒரு நைட்டியும்தான்.

விடியற்காலை அஞ்சரை மணிக்குப் போன் வந்திருந்தது. மோகன்ராஜின் அக்கா அனிதா பேச ஆரம்பித்து, பேச முடியாமல் அழுதாள். பிறகு யாரோ போனை வாங்கி, "அப்பா போயிட்டாரு சாமி, பொறப்பட்டு வாங்க" என்றார்கள்.

பஸ் ஒவ்வொரு வளைவிலும் விடாமல் ஹாரன் அடித்தது. டிவியில் பாட்டு அலறியது. மோகன்ராஜ் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"ராத்திரி அக்கா திருப்பிப் போட்டிருக்குமா?"

"போட்டிருப்பாங்க."

"அது சின்ன வயசுலயே படுத்தா எந்திரிக்காது. தேவி, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. அக்கா தூங்கிப் போயி, அதனால அப்பனுக்கு மூச்சு முட்டிச்சுன்னு மட்டும் தெரிஞ்சுது, இனி அது மொகத்துல முழிக்க மாட்டேன். கருமாதிக்குக்கூட வரவேண்டாம்னு சொல்லிப்புடுவேன்."

"இப்ப எதுக்குங்க இந்தப் பேச்சு?"

"ஊட்டுக்குப் போனதும் மொதல்ல அந்தத் தாளப் பாக்கறேன்."



கன்னையனால் தானாகப் புரள முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வலப்பக்கமும் இடப்பக்கமுமாக மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேவிப்பிரியா பதினோரு வருடம் பனியன் கம்பெனியில், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்து, மாமனாருக்காக வேலையை விட்டு நின்றவள். தையல் லைனில் மணிக்கு இத்தனை பீஸ் என்று எழுதித் தொங்கவிடும் போர்டைப் போலவே, கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு தாளை ஒட்டினாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம். திருப்பிப் போட்டதும் அந்தக் கட்டத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். துணியில் கறையோ ஓட்டையோ இருக்கிற இடத்தைக் காட்ட செக்கிங்கில் ஒட்டுவார்களே, அதேதான். அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ மாமா அந்தப் பக்கம் படுத்திருக்கிறார். வாரம் ஒரு தாள். ஸ்டிக்கர் ஷீட்டை மோகன்ராஜ் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து தருவான்.

இரவுகள் அவளுடையவை. அது அவளே கேட்டு வாங்கியதுதான். "தூக்கக் கலக்கத்துல மெசின்ல கை வெச்சீங்கன்னா வெரல் போயிரும், நீங்க தூங்குங்க" என்று முதல் வாரத்தில் சொன்னாள். அப்புறம் ஆறு வருடத்தில் அதை மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. ஒரே ஒரு இரவு நீங்கள் பாருங்கள், நான் தூங்குகிறேன். எத்தனையோ முறை நாக்கு நுனிவரை வந்திருக்கிறது. அவன் வேலை முடித்து வந்து சட்டையைக் கழற்றும்போது தோளைப் பிடித்துவிட்டுக்கொள்வதைப் பார்ப்பாள். அத்தோடு அது உள்ளே போய்விடும்.

நேற்று மத்தியானம் ரிசார்ட் அறைக் கதவைத் திறந்தபோதும் அவள் கண்ணில் முதலில் பட்டது ஜன்னலுக்கு வெளியே இருந்த ஏரி இல்லை, கட்டில்தான். வெள்ளை விரிப்பில் ரோஜா இதழ்களை இதயம்போலக் கொட்டி வைத்திருந்தார்கள்.

"இப்படிப் பூவக் கொட்டி வெச்சா எங்கீங்க படுக்கறது?"

"படுக்கறதுக்கா வந்தோம்?" மோகன்ராஜ் கண்ணடித்தான். பிறகு ரிசப்ஷனில் கொடுத்த தாளை எடுத்து உரக்கப் படித்தான். "நாலு மணிக்கு போட்டிங். அஞ்சு மணிக்கு டீ, பஜ்ஜி. ஆறு மணிக்குக் கேக்கு. ஒண்ணையும் விடக்கூடாது தேவி. புள்ள ஆசையாப் பண்ணிருக்குது."

இருபத்தைந்து வருடத்தில் அவர்கள் இருவர் மட்டும் ஓர் இடத்தில் தங்கியதில்லை. அவன் முகம் பள்ளிக்கூடத்துச் சுற்றுலா போகும் பிள்ளையின் முகமாக இருந்தது. தூக்கம் வருதுங்க என்று சொல்ல வந்தவள், தலையைச் சீவிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

படகுத் துறையில் லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்ததும் கை தானாக அதை உள்பக்கம் திருப்பியது.

"இங்க தையல் விட்டிருக்குதுங்க."

"ஏரிக்கு வந்தும் செக்கிங் பண்ற ஒரே பொம்பள நீதான்," என்று மோகன்ராஜ் சிரித்தான். படகுக்காரரும் சிரித்தார். நடு ஏரியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. படகு மெல்ல ஆட, அவள் கண்கள் சொருகின. அவன் முழங்கையால் இடித்து, "அங்க பாரு, நீர்க்காக்கா" என்றான். பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது.

இரவில்தான் கொடுமை. அத்தனை பெரிய கட்டிலில் தூக்கம் வரவேயில்லை. கன்னையன் அவளைக் கூப்பிட எவர்சில்வர் டம்ளரால் கட்டில் சட்டத்தைத் தட்டும் சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. போனில் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக வைத்திருந்த அலாரத்தை நிறுத்தவும் மனம் வரவில்லை. நாலு மணிக்கு அது அடித்தபோது, அனிதாவைக் கூப்பிடலாமா என்று போனைக் கையில் எடுத்தாள். "வெய்யி. அக்கா பாத்துக்கும். சந்தேகப்பட்டுக் கேக்கறாப்பல இருக்கும்" என்றான் மோகன்ராஜ். வைத்துவிட்டாள்.

இப்போது பஸ்ஸில், அந்த ஹாரனுக்கும் பாட்டுக்கும் நடுவில், அவள் தலை அவன் தோளில் சரிந்தது. அப்போதுதான் எட்டு மணி அலாரம் அடித்தது. திடுக்கிட்டு எழுந்து, எழுந்த வேகத்தில் முன் இருக்கைக் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டாள். போன் திரையில் "மாமா வலப்பக்கம்" என்று ஒளிர்ந்தது. மோகன்ராஜ் அதைப் பார்த்துவிட்டு மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பல்லடத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் சாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கன்னையனை முன்னறையில் பெஞ்சின் மேல் கிடத்தியிருந்தார்கள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. வாய் இழுத்துக் கோணியிருந்த பக்கம் இப்போது நேராகியிருந்தது. மோகன்ராஜ் அவர் காலடியில் விழுந்து அழுதான்.

தலைமாட்டில் கன்னையனின் தங்கை ஆயம்மாள் உட்கார்ந்திருந்தார். தேவிப்பிரியாவை மேலும் கீழும் பார்த்தார்.

"வா அம்மணி. ஏரி நல்லா இருந்துச்சா?"

சுற்றியிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"சீலை புதுசாட்டிருக்குது. ஆறு வருசம் பாத்தயே, இன்னும் ஒரு நாள் பொறுக்க முடியிலியா?"

அவள் மாமனாரின் கையைத் தொட்டாள். அது இடப்பக்கத்துக் கை. அவரால் அசைக்க முடிந்த கை அதுதான், டம்ளர் தட்டுகிற கை. விரல்கள் இன்னும் எதையோ பிடித்திருப்பதுபோல மடங்கியிருந்தன.

அனிதா சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. தம்பியையும் பார்க்கவில்லை, தேவிப்பிரியாவையும் பார்க்கவில்லை. வெள்ளகோவில் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்பவள். வெள்ளிக்கிழமை நைட் ஷிப்ட் முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நேராக இங்கே வந்து இறங்கினாள். அப்போது அவள் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கண்கள் சிவந்திருந்தன. தேவிப்பிரியா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

"நங்கையா," என்று மெல்லக் கூப்பிட்டாள். கணவனின் அக்காவை அவள் அப்படித்தான் அழைப்பாள். அனிதா நிமிரவில்லை.

"குளிப்பாட்டறதுக்கு வேட்டி எடுத்துட்டு வா," என்று ஆயம்மாள் அதட்டினார்.

உள்ளறைக்குள் கட்டில் அப்படியே இருந்தது. தலையணையில் அவர் தலை வைத்திருந்த குழி. கட்டிலுக்குக் கீழே ஒரு பாய், சுருட்டாமல். பாயின் ஓரத்தில் தண்ணீர்ச் சொம்பு. தேவிப்பிரியா அலமாரியைத் திறக்கப் போனவள், சுவரைப் பார்த்து நின்றாள்.

சனிக்கிழமை. காலை பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு, எட்டு. எல்லாவற்றிலும் அம்பு. இரவு பத்து: இடம். அந்த அம்பு கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது.

பன்னிரண்டு, இரண்டு, நாலு. மூன்று கட்டங்களும் காலி.

முன்னறையில் மோகன்ராஜின் குரல் கேட்டது. "அந்தத் தாளு எங்க? உள்ளதானே இருக்குது?"

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் இதேபோல இரண்டு காலிக் கட்டங்களைப் பார்த்து அவள் நின்றிருக்கிறாள். அலாரம் அடித்தும் தூங்கிப் போயிருந்தாள். ஒரு வாரத்தில் மாமனாரின் இடுப்பில் புண் வந்தது, நாலு மாதம் ஆறவில்லை. எப்படி வந்தது என்று மோகன்ராஜ் கேட்டபோது, படுத்திருந்த கன்னையன்தான் முந்திக்கொண்டு, "வெக்கைக்கு வந்துது" என்றார்.

ஸ்டிக்கர் ஷீட் வழக்கம்போல ஜன்னல் கட்டையில் இருந்தது. தேவிப்பிரியா ஓர் அம்பை உரித்தாள். பன்னிரண்டு: வலம். இன்னொன்று. இரண்டு: இடம். மூன்றாவது நகத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. உதறி, எடுத்து, அழுத்தினாள். நாலு: வலம். பதினோரு வருடத்தில் அவள் கையைத் தாண்டி ஒரு டேமேஜ் பீஸும் போனதில்லை என்று சூப்பர்வைசர் சொல்வார்.

"என்ன பண்ற?" வாசற்படியில் மோகன்ராஜ்.

"வேட்டி எடுக்கறனுங்க."

அவன் நேராகச் சுவரிடம் போனான். விரலை வைத்து, ஒவ்வொரு கட்டமாகக் கீழே இறங்கினான். நாலு மணிக் கட்டத்தில் விரல் நின்றது. அவன் தோள்கள் தளர்ந்தன.

"நாலு மணிக்கும் திருப்பிருக்குது."

"ஆமாங்க."

"நான்தான் அக்காவ என்னென்னமோ பேசிட்டேன்." திருப்பிப் போட்ட டீசர்ட்டின் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

அவள் வேட்டியோடு கதவருகே வந்தபோது, அவன் அனிதாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் முகத்தை வைத்திருந்தான். "தூங்காமப் பாத்திருக்கறயே அக்கா, தூங்காமப் பாத்திருக்கறயே" என்று சின்னப் பிள்ளைபோல அழுதான். அனிதாவின் கைகள் அவனைத் தொடாமல் காற்றில் நின்றன. அவள் தம்பியின் தலைக்கு மேலாகத் தேவிப்பிரியாவைப் பார்த்தாள். என்ன நடக்கிறதென்று அவளுக்குப் புரியவில்லை.

அதற்குமேல் நேரம் நிற்கவில்லை. குளிப்பாட்டினார்கள். கம்பெனியிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் மாலையோடு வந்தார்கள். சென்னையிலிருந்து மகள் கிருத்திகா வந்து இறங்கி, "நான் புக் பண்ணிருக்கவே கூடாதும்மா" என்று கட்டிக்கொண்டாள். தேவிப்பிரியா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தாள், டீ சொன்னாள், பாத்திரம் எடுத்துக் கொடுத்தாள். ஓர் இடத்தில் உட்கார்ந்தால் சரிந்துவிடுவோம் என்று பயமாக இருந்தது. பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. ஒவ்வொரு முறையும் அவள் கால்கள் உள்ளறைப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டு நின்றன.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். தப்பு மேளச் சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்து மறைந்தது. ஆண்களெல்லாம் போனபின் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். உள்ளறையிலிருந்த கட்டிலைத் தூக்கி வெளியே போட்டார்கள். தேவிப்பிரியா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பழைய சேலை ஒன்றைக் கட்டி வந்தாள்.

கட்டில் இருந்த இடத்தில் ஆயம்மாள் ஒரு படி நெல் வைத்து, அதன்மேல் விளக்கேற்றினார்.

"உசுரு போன எடம். மூணு நாளைக்கு இது அணையக் கூடாது," என்றார். "தேவி, நீ இங்கயே உக்காந்துக்க. எண்ணெய் ஊத்தீட்டே இரு. இத்தன வருசம் பாத்தவ நீ. கண்ண அசந்தராத."

அவர் குரலில் காலையிலிருந்த முள் இல்லை. மரியாதைகூட இருந்தது. தேவிப்பிரியா தலையாட்டிவிட்டு விளக்கின் முன் உட்கார்ந்தாள். சுடர் ஒன்று இரண்டாகி, மறுபடி ஒன்றாகியது. கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அனிதா ஈரத் தலையோடு உள்ளே வந்தாள். விளக்குக்கு அந்தப் பக்கம் உட்காரப் போனவள், சுவரைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். நாலு மணி அம்பை விரலால் தொட்டாள்.

வெளியே யாரோ நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் கேட்டது.

"இத நான் ஒட்டலயே தேவி."

தேவிப்பிரியா திரியைத் தூண்டிவிட்டாள்.

"அதுக்குத்தான் தம்பி என்னையக் கட்டிட்டு அழுதானா?" அனிதா மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். "பத்து மணிக்குத் திருப்புனேன். சித்த தலையச் சாச்சேன். அலாரம் அடிச்சுது. கேட்டுது தேவி, மில்லுல சங்கு ஊதறாப்பலக் கேட்டுது. எந்திரிச்சேன்னுதான் நெனச்சுட்டிருந்தேன். அப்பனத் திருப்பிப் போட்டு, முதுகுக்குத் தலகாணி வெச்சு, ஸ்டிக்கர் ஒட்டறேன். எல்லாம் கெனா. முழிச்சுப் பாத்தா விடியக் காத்தால அஞ்சு மணி. நான் பாயிலதான் கெடக்கறேன்."

அப்போதுதான் மறுபடி அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

"டம்ளர் கீழ கெடந்துது. எப்ப உழுந்துதோ, எனக்குத் தெரியாது."

தேவிப்பிரியா அவளையே பார்த்தாள்.

"அந்தக் கெனா எனக்கும் வந்திருக்குதுங்க நங்கையா," என்றாள்.

அனிதா நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பிகிட்டச் சொல்லிர்றேன். சொல்லாம என்னால இருக்க முடியாது."

"சொல்லுங்க. கருமாதி கழியட்டும். நானும் கூட இருக்கறேன். எனக்கும் அவருகிட்டச் சொல்றதுக்கு ஒண்ணு இருக்குது. இன்னிக்கு அவரு உங்க தோள்ல சாஞ்சு அழுதாரு. இன்னிக்கு அது இருக்கட்டும்."

சுவரில் மூன்று அம்புகளும் வலமும் இடமும் வலமுமாகப் பார்த்துக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே ஞாயிற்றுக்கிழமையின் கட்டங்கள் வெறுமையாக, தாளின் அடிவரை போயின.

ஆறு மணி அலாரம் அடித்தது.

இருவரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். அனிதா தலைமாட்டுப் பக்கமும் தேவிப்பிரியா கால்மாட்டுப் பக்கமும் ஓரடி வைத்து, நெல்லும் விளக்கும் இருக்கிற இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கையை நீட்டியபடி நின்றார்கள். பிறகு தேவிப்பிரியா இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். "மாமா இடப்பக்கம்" என்று இருந்தது. அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு உட்கார்ந்தாள். எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். விளக்கில் ஊற்றவில்லை. தரையோடு நகர்த்தி, அனிதாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள்.

"நங்கையா, வெளக்க நீங்க பாத்துக்கறீங்களா?" என்றாள். "நான் தூங்கோணுமுங்க."